வளைவில் திரும்பிப் பார்ப்பவர்கள்

எங்கள் காருக்கு முகம் பின்பக்கம் இருக்கிறது. இதைச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். மற்ற கம்பெனிக்காரர்கள் காரின் முன்பக்கத்தை எப்படி இன்னும் கொஞ்சம் முறைக்கவைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, ஹகுரோ காரைச் செய்யும் நாங்கள் அதன் பின்புறத்தையே மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருவோம். பெரிய மனிதர் ஒருவர் வந்து இறங்கும்போது காரை யார் பார்க்கிறார்கள்? எல்லோருடைய கண்ணும் ஆள்மேல்தான் இருக்கும். அவர் கிளம்பிப் போகும்போதுதான் வாசலில் நிற்பவர்களுக்குக் கார் கண்ணில் படுகிறது. வண்டி தெருவளைவில் மறையும்வரை இடுப்பை வளைத்துக் குனிந்து நிற்பது எங்கள் வழக்கம். ஆகவே ஹகுரோவின் பின்விளக்குகள் சிறியவை. போகிறவர் நிற்பவரின் கண்ணைக் கூசவைத்துவிட்டுப் போகக் கூடாது. சீட்டுக்குத் தோல் கிடையாது, கம்பளித் துணிதான். பின் சீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும்போது தோல் கிறீச்சிடும். பின்கண்ணாடி அகலமானது.

விளம்பரப் புத்தகத்தில் இதற்கெல்லாம் "விலகிச் செல்வதன் கண்ணியம்" என்று ஏதோ பேர் வைத்து அச்சடித்திருக்கிறார்கள். எழுதியவன் ஒரு நாளாவது களிமண்ணில் கை வைத்திருப்பானா என்பது சந்தேகம். அந்தப் பின்கண்ணாடியின் அளவை எங்களுக்குச் சொன்னது டிசைன் கூடத்துக்குத் தேநீர் கொண்டுவந்த தோகிகோ சான். பேருக்குப் பின்னால் "சான்" போடுவது எங்கள் ஊர் மரியாதை.

நான் இனாகாகி. களிமண் ஆள். மிகாவாவில் எங்கள் தொழிற்சாலையின் டிசைன் கூடத்தில், சூடாக்கிய களிமண்ணை அப்பி, சீவிச் சீவி முழு அளவுக் காரைச் செய்கிறவன். முப்பத்தொரு வருஷமாகச் சீவுகிறேன். டிசைனர்கள் கோடு போடுவார்கள், மனசு மாறுவார்கள், மறுபடி கோடு போடுவார்கள். சீவுவது நான். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தோகிகோ சான்மேல் மட்டும் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவளிடம் கோபப்படுவது, தலையணையைக் குத்துகிற மாதிரி.

அவள் வேலைக்கு வந்தபோது ஐம்பத்திரண்டு வயது. அதற்குமுன் இருபத்தேழு வருஷம் மலைப்பக்கத்து வெந்நீர் ஊற்று ஊர் ஒன்றில், பழைய விடுதியில் பணிப்பெண்ணாக இருந்தவள். முதலாளி இறந்து விடுதியை மூடியபின் இங்கே வந்தாள். வந்த முதல் வாரமே கூடத்தில் அவளுக்கு "முதலாளியம்மா" என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"முதலாளியம்மா, எனக்குத் தேநீர் இன்னும் வரலையே?"

"நான் தட்டு தூக்கினவதாங்க. முதலாளியம்மா இப்படியா கை காய்ச்சுப்போய் இருப்பாங்க?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். ஆனால் தேநீர் அதற்குள் வந்திருக்கும்.

வந்து மூன்றாவது மாதம். கூடத்தின் நடுவே என் களிமண் கார், பின்புறத்தைக் கதவுப் பக்கம் காட்டியபடி நின்றது. தோகிகோ சான் தட்டோடு உள்ளே வந்தாள். காரைப் பார்த்தாள். தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தாள். இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, இடுப்பிலிருந்து மடங்கி, அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போது பிரிவுத் தலைவராக வந்திருந்த ஒகிதா சான் அதைப் பார்த்துவிட்டார்.

"தோகிகோ சான், யாருக்குக் குனியறீங்க?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "மன்னிக்கணும். வண்டி கெளம்பற மாதிரியே இருந்துச்சு. ஒடம்பு தானா குனிஞ்சிடுச்சு."

நாங்கள் சிரித்தோம். ஒகிதா சான் சிரிக்கவில்லை. "கெளம்பறது யாரு?"

அவள் அதை நிஜமாகவே யோசித்தாள். "வயசானவர். கொஞ்சம் குள்ளம். அவர் திரும்பி எனக்குத் தலையசைக்கறாரு, அது எனக்குத் தெரியணும். ஆனா கண்ணாடி அவரோட தாடைகிட்டதான் ஆரம்பிக்குது. தலை மட்டும் மெதக்கற மாதிரி இருக்கு, பாவம்."

ஒகிதா சான் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண்ணாடியின் கீழ்க்கோட்டை இரண்டு விரல் இறக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் ஒகிதா சானை வாய்க்குள் திட்டிக்கொண்டே சீவினேன். முடிந்தபின் பார்த்தால், கார் சட்டென்று மரியாதை தெரிந்த ஆள் மாதிரி நின்றது.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு புது மாடலுக்கும், உள்ளே ஆள் உட்காரும்படி கண்ணாடி பொருத்திய மாதிரிக் காரைச் செய்து, முற்றத்துக்குக் கொண்டுபோய், சின்ன இழுவை வண்டியால் மெதுவாக இழுப்போம். வாசலில் தோகிகோ சான் நிற்பாள். வண்டி முற்றத்தைக் கடந்து ஜிங்கோ மரத்தருகே வளைந்து மறையும். இதற்குப் பேர் "வழியனுப்பு". பின் சீட்டில் உட்காருகிறவன் நான். நம் நாட்டுப் பெரிய மனிதர்களின் சராசரி உயரமும் என் உயரமும் ஒன்றாம். பெரிய மனிதனாக எனக்கிருந்த ஒரே தகுதி அது.

வண்டி நகரும்போது நான் திரும்பித் தலையசைப்பேன். அவள் பார்ப்பாள். அதன்பின் குனிவாள். திரும்பி வந்ததும், "தோள் தெரிஞ்சுது. நல்லாருந்துச்சு" என்பாள், அல்லது "சோகமா இருந்தீங்க, வீட்ல சண்டையா?" என்பாள். இரண்டாவது சொன்னால் கண்ணாடியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். சில சமயம் வீட்டில் நிஜமாகவே சண்டையாகவும் இருக்கும்.

அவளுக்கு ஒரு மகள். பேர் சுமிரே. தூரத்து ஊரான கனசாவாவில் இருக்கிறாள். வருஷப் பிறப்புக்கு ஒரு அட்டை வரும், அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கையெழுத்தில் ஒரு வரி. ஒன்பது வருஷமாக அவ்வளவுதான்.

அந்தக் கதையை ஒரு மழைநாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். கணவர் சீக்கிரமே போய்விட்டார். சுமிரே விடுதியின் பணிப்பெண்கள் அறையில் வளர்ந்தாள். அங்கே சுவர் எல்லாம் காகிதம். இந்தப் பக்கம் குழந்தை அழுதால் அந்தப் பக்கம் விருந்தாளியின் தூக்கம் போகும். ஆகவே தோகிகோ மகளிடம் குரலை உயர்த்தியதே இல்லை. பால் கொட்டினாலும், பரீட்சையில் பூஜ்யம் வாங்கினாலும், "பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று மெல்லிய குரலில், விருந்தாளிகளிடம் பேசுகிற அதே குரலில்.

விடுதியில் ஒரு விதி இருந்ததாம். விருந்தாளி எதையாவது மறந்துவிட்டுப் போனால் குற்றம் நம்முடையது. ஒருமுறை ஒருவர் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டுப் போக, தோகிகோ பனியில் ரயில் நிலையம்வரை ஓடிப்போய்க் கொடுத்து, "எங்க கவனக்குறைவு, மன்னிக்கணும்" என்று மூன்று தடவை குனிந்தாளாம். அவர் மூக்கில் மாட்டிக்கொண்டு பேசாமல் போய்விட்டாராம்.

"நல்லா நாலு கேட்டிருக்கணும்" என்றேன்.

"எனக்கு அது வராது, இனாகாகி சான்."

விடுதி மூடியபின் மிகாவாவுக்கு அம்மாவோடு வந்த சுமிரேக்கு, இருபத்தைந்து வயதில் கனசாவாவில் வேலை கிடைத்தது. அவள் கிளம்பும் அன்று காலையில் சண்டை. சண்டை என்றால் ஒரு பக்கம் மட்டும். "நீங்க என்னை ஒரு தடவையாவது திட்டியிருக்கீங்களா? போகாதன்னு ஒரு வார்த்தை சொல்றீங்களா? விருந்தாளிகிட்டதாம்மா கோபமே வராது. இத்தனை வருஷம் உங்க வீட்ல நான் விருந்தாளியாத்தான் இருந்திருக்கேன்" என்று அவள் கத்தியிருக்கிறாள். தோகிகோ மகளின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். டாக்ஸி வந்தது. மகள் ஏறி உட்கார்ந்தாள், திரும்பவில்லை. வண்டி நகர்ந்தது.

"அப்புறம்?"

"நான் வாசல்ல நின்னு வழியனுப்பினேன்."

"அவ திரும்பிப் பார்த்தாளா?"

"அதுதான் தெரியல. பின்னாடி சின்னக் கண்ணாடி, கறுப்பா வேற இருந்துச்சு." அவள் ஊறுகாய்த் துண்டு ஒன்றை என் டப்பாவில் வைத்தாள். "திரும்பிப் பார்த்திருந்தான்னு தெரிஞ்சா போதும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்."

மகளிடமே போனில் கேட்டுவிடலாமே என்றேன். இல்லை என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்றாள். மகள் போனபின் வந்த ஒவ்வொரு மாடலிலும் அவள் ஏன் பின்கண்ணாடிக்காக அப்படி மன்றாடினாள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

போன வருஷம் புது மாடலுக்குத் தலைமை டிசைனராக ஆயுகாவா வந்தாள். முப்பத்து நான்கு வயது, சுமிரே வயதுதான். நாக்கு சவரக்கத்தி. அவள் போட்ட கோட்டில் கூரை பின்னால் சரிந்து இறங்கியது, டிக்கி உயர்ந்தது, பின்கண்ணாடி ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் குறுகிவிட்டது. சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. சீவும்போது கை தானாக வழுக்கிக்கொண்டு போயிற்று. அதனாலேயே எனக்கு எரிச்சல்.

"இது ஹகுரோ இல்ல" என்றேன்.

"ஹகுரோன்னா என்ன இனாகாகி சான், மீன் தொட்டியா? இப்ப வாங்கறவங்க பின்சீட்ல ஒளிஞ்சுக்கத்தான் விரும்பறாங்க. யாரு கண்ணுலயும் படக் கூடாது அவங்களுக்கு."

"வழியனுப்பறவங்க?"

"அவங்களா கார் வாங்கறாங்க?"

அதற்குப் பதில் இருந்தது, எனக்கு அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. எப்போதும் இப்படித்தான். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது பிரமாதமான பதில் வரும்.

ஒகிதா சான் ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவெடுக்கலாம், அதற்குமுன் வழக்கம்போல வழியனுப்பு நடக்கட்டும் என்றார். ஆயுகாவா ஒரு நிபந்தனை போட்டாள். இந்தத் தடவை பின்சீட்டில் அவளே உட்காருவாளாம். "பதினாறு வருஷமா ஒரே ஆளு உக்காந்து ஒரே ஆளு குனிஞ்சா, அது சோதனையா, வீட்டு விசேஷமா?"

செவ்வாய்க்கிழமை. முற்றத்தில் வெயில். இழுவை வண்டி கிளம்பியது. நான் முதல்தடவையாக வெளியே, தோகிகோ சான் பக்கத்தில் நின்றேன். குறுகிய கண்ணாடியில் ஆயுகாவா திரும்பியது மாதிரி ஒரு அசைவு. தோகிகோ சான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், பின் குனிந்தாள். நெற்றி கிட்டத்தட்ட முழங்காலைத் தொட, மூச்சுக்கூடத் தெரியாமல், வண்டி ஜிங்கோ மரத்தைத் தாண்டி மறையும்வரை அப்படியே இருந்தாள். அவ்வளவு அழகான குனிதலை நான் பார்த்ததில்லை. பதினாறு வருஷமாக எனக்குச் செய்ததை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

ஆயுகாவா இறங்கி வேகமாக நடந்து வந்தாள்.

"தோகிகோ சான், நான் எத்தனை தடவ திரும்பினேன்?"

"ஒரு தடவ. கெளம்பும்போது. சரியாத் தெரியல, ஆனா…"

"மூணு தடவ. கெளம்பும்போது, பாதி வழியில, அப்புறம் அந்த வளைவுல. கையைக்கூட ஆட்டினேன். நீங்க பார்க்கவே இல்ல. எனக்கு உங்க உச்சந்தலை மட்டுந்தான் தெரிஞ்சுது. தலையக் குனிஞ்சுகிட்டே நிக்கறவங்களுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய கண்ணாடி?"

யாரோ ஒருவன் சிரித்தான். நான் அவனை முறைத்தேன். ஆனால் தோகிகோ சானின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அவனை மறந்துபோயிற்று. உதடு வெளுத்திருந்தது.

"வளைவுலயா திரும்பினீங்க?"

"வளைவுலதானே எல்லாரும் திரும்புவாங்க? அதுக்கப்புறம் தெரியாதே." ஆயுகாவாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஏன்?"

தோகிகோ சான் என்னைப் பார்த்தாள். "இனாகாகி சான். நீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "நானும்தான். ஒவ்வொரு தடவையும்."

"பதினாறு வருஷமா?"

"ஆமா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க குனிஞ்சிருந்தீங்க" என்றேன். சொன்னபிறகுதான் அது என் காதில் விழுந்தது. மழைநாளில் அந்தக் கதையை முழுக்கக் கேட்டவன் நான். ஜிங்கோ மரத்தடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தவனும் நான். இரண்டையும் ஒருநாளாவது சேர்த்துப் பார்த்தேனா? என்னைப் போல மடையன் மிகாவாவில் இன்னொருத்தன் இருக்க முடியாது.

டாக்ஸியின் சின்னக் கண்ணாடிமேல் ஒன்பது வருஷமாகப் பழியைப் போட்டிருந்தாள். இருபத்தேழு வருஷப் பழக்கம், வண்டி நகர்ந்ததும் உடம்பு தானாக மடங்கிவிட்டது. விருந்தாளியாகத்தான் இருந்திருக்கேன் என்று கத்திவிட்டுப் போன மகளுக்கு, விருந்தாளிக்குச் செய்கிற வணக்கத்தைச் செய்து அனுப்பியிருக்கிறாள்.

அன்று மதியம் கூடத்துக்குத் தேநீர் வரவில்லை. ஆயுகாவா என்னிடம் வந்து, "நான் எதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். மகள் கதையை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அவள் களிமண் காரின்மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை தேநீர் வந்தது. தோகிகோ சானின் கண் வீங்கியிருந்தது.

"நேத்து சாயந்தரம் போன் பண்ணினேன்" என்றாள். "ஹலோகூட சொல்லல. அன்னிக்கு நம்ம தெருக்கோடி கல்விளக்குக் கடை வளைவுல திரும்பிப் பார்த்தியான்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னா?"

"சொல்றா, பார்த்தேன். உங்க உச்சந்தலை தெரிஞ்சுது. ரெண்டு நாள் தங்கிட்டு கெளம்பின ஆளு மாதிரி இருந்துச்சு எனக்குன்னு." தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "அழுதா. நானும்தான். நவம்பர்ல வரேன்னிருக்கா."

திரும்பிப் பார்த்திருந்தாள் என்று தெரிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றவள், இப்போது அதைத் தெரிந்துகொண்டு முன்னைவிடப் பயந்துபோயிருந்தாள். "அவ திரும்பிக் கெளம்பும்போது நான் மறுபடி குனிஞ்சுட்டா என்ன பண்றது?" என்று என்னைக் கேட்டாள்.

வியாழக்கிழமை அவளே ஒகிதா சானிடம் போய், இன்னொரு வழியனுப்பு வேண்டும் என்று கேட்டாள். இந்தத் தடவை தலை நிமிர்ந்து நிற்கப்போகிறாளாம். விடுதியில் இருந்தவளுக்கு அது சாதாரண விஷயமில்லை. விருந்தாளி போகும்போது விறைத்து நிற்பதும் சட்டை இல்லாமல் தெருவில் நிற்பதும் அவளுக்கு ஒன்றுதான்.

முதல் தடவை வண்டி நகர்ந்ததும் மடங்கிவிட்டாள். இரண்டாவது தடவையும். "முதுகு கேக்க மாட்டேங்குது" என்றாள், அழாத குறையாக. பிறகு என்ன தோன்றியதோ, உள்ளே போய் ஒரு தட்டில் தேநீர்க் கோப்பையை விளிம்புவரை நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். குனிந்தால் கொட்டிவிடும். தேநீரைக் கொட்டுவது அவள் வாழ்நாளில் நடந்ததில்லை.

வண்டி கிளம்பியது. கோப்பை லேசாக ஆடியது. தோகிகோ சான் நிமிர்ந்து நின்றாள். கழுத்து நரம்பு புடைக்க, வண்டியையே பார்த்தாள். பாதி வழி. ஜிங்கோ மரம். அந்த உள்ளங்கை அகலக் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை. கறுப்பாக ஒரு கோடு, அதற்குள் எதுவோ அசைகிறது. அவ்வளவுதான்.

"தெரியல" என்றாள் மெதுவாக. "இருக்காங்களான்னுகூடத் தெரியல."

ஆயுகாவா இறங்கி வந்தாள். இந்தத் தடவை வேகமாக வரவில்லை.

"நீங்க என்னைத் தேடினீங்க" என்றாள். "உள்ளேருந்து நல்லாத் தெரிஞ்சுது. நான் கைய ஆட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க தேடிக்கிட்டே இருந்தீங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இனாகாகி சான், நாலு விரல் எறக்குங்க."

"நாலா? கூரையும் சேர்த்து மாத்தணும். ஒரு மாசம் ஆகும்."

"மாத்துங்க. நேத்து ராத்திரியே கோடு போட்டுட்டேன்."

திட்டிக்கொண்டேதான் சீவினேன். ஆனால் அவள் போட்ட புதுக் கோடு ஒகிதா சான் காலத்துக் கோட்டைவிட நன்றாக இருந்தது. கூரையின் சரிவும் இருந்தது, உள்ளே இருப்பவரின் தோளும் தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலேயே, கோட்டைப் பார்த்து இது எதற்கு என்று மேலிடத்தார் கேட்டபோது ஆயுகாவா எழுந்து, "உள்ள இருக்கறவங்க திரும்பிப் பார்க்கறது வெளிய நிக்கறவங்களுக்குத் தெரியணும். ஹகுரோன்னா அதுதான்" என்றாளாம். மீன் தொட்டி என்று சொன்ன அதே வாய்.

நவம்பரில் சுமிரே வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்புகிறாள் என்று தோகிகோ சான் முன்கூட்டியே என்னிடம் சொல்லிவைத்திருந்தாள்.

"நீங்க கல்விளக்குக் கடை வளைவுல நில்லுங்க, இனாகாகி சான். அவ திரும்பினான்னா பார்த்துச் சொல்லுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டா தெரியாமப் போயிடும்."

அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியின் மகள் திரும்புகிறாளா என்று பார்க்க, விடுமுறை நாளில் கல்விளக்குக் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் இரண்டு தடவை வந்து, "தோட்டத்துக்கா, கோயிலுக்கா?" என்று கேட்டுவிட்டார். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அங்கிருந்து தோகிகோ சானின் வாசல் நேராகத் தெரியும். டாக்ஸி வந்தது. சுமிரே ஏறினாள், ஒடிசலாக அம்மாவைப் போலவே இருந்தாள். தோகிகோ சான் வாசலில் நின்றாள். ஊதாத் துணியில் முடிச்சிட்ட ஒரு மிசோ ஜாடியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். மிகாவாவின் சிவப்பு மிசோ, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற விழுது. எனக்கு உடனே புரிந்துவிட்டது: தேநீர்க் கோப்பைக்குப் பதில் இது.

வண்டி நகர்ந்தது. அவள் குனியவில்லை. நேராக, கொடிக்கம்பம் மாதிரி நின்றாள். டாக்ஸி என்னை நோக்கி வந்தது. வளைவை நெருங்கும்போது பின்சீட்டில் சுமிரே முழு உடம்பையும் திருப்பி, பின்கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். நான் கையைத் தூக்கி, "திரும்பிட்டா! திரும்பிட்டா!" என்று கத்தினேன். கடைக்காரர் உளியைக் கீழே போட்டுவிட்டார்.

தோகிகோ சானுக்கு என் சைகை தேவைப்படவில்லை. அவளே பார்த்துவிட்டாள். ஜாடியை விட்டு ஒரு கையை எடுத்து, மேலே தூக்கி ஆட்டப்போனாள். அப்போதுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"சுமிரே!"

அந்தக் குரலை நான் கேட்டதில்லை. யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டுச் செருப்போடு தெருவில் ஓடிவந்தாள்.

"மிசோவ மறந்துட்டுப் போறியே, அறிவிருக்கா உனக்கு? கழுதை! நில்லு! நேத்தே சொன்னேன்ல, கனசாவால இது கெடைக்காதுன்னு! தலைய மட்டும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா போதுமா?"

டாக்ஸி என் பக்கத்திலேயே நின்றது. கதவு திறந்தது. சுமிரே இறங்கினாள்.

"அம்மா, அதை நீங்கதாம்மா கையிலயே புடிச்சிருந்தீங்க."

"எதிர்த்துப் பேசாத! கேட்டு வாங்கணும்னு உனக்குத் தோண வேண்டாமா? முப்பத்து நாலு வயசாச்சு!"

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது, பிறகு இன்னொன்று. தோகிகோ சானுக்கு மூச்சு வாங்கியது. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பதற்கு அவள் இடுப்பு மெல்ல மடங்கத் தொடங்கியது.

சுமிரே அவள் இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்தினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"அதெல்லாம் வேண்டாம்மா. இன்னும் கொஞ்சம் திட்டுங்க."

மூன்று மணி ரயில் போய்விட்டது. சுமிரே அடுத்ததில்தான் போனாள். கடைக்காரரிடம் அவ்வளவு நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்ததால் நான் ஒரு சின்னக் கல்விளக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.